ரொறன்ரோ 1954: ஓர் அறிக்கையும் ஒரு தேர்தலும்

நேயர்களுக்கு வணக்கம்.

1954 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாளை ஒட்டி, ரொறன்ரோ மாநகரின் மேயர் லெஸ்லி சோண்டர்ஸ் தம் பதவியின் பெயரால் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1690 இல் அயர்லாந்தின் பொயின் நதிக்கரையில் புரட்டஸ்தாந்து மன்னர் மூன்றாம் வில்லியம், கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை முறியடித்த போரின் பெருமையையும், அப்போரை ஆண்டுதோறும் அந்நாளில் ஊர்வலமாகக் கொண்டாடும் புரட்டஸ்தாந்துச் சங்கமான ஒரேஞ்ச் அமைப்பின் பெருமையையும் அது பேசிற்று. அதே ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் நடந்த மாநகரத் தேர்தலைப் பற்றி இன்று சொல்ல வந்த நான் இந்த அறிக்கையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சோண்டர்ஸின் தோல்விக்கு அதுவே பிள்ளையார் சுழி போட்டது.

இன்றைய ரொறன்ரோவை அறிந்தவர்களுக்கு அன்றைய நகரம் அந்நியமாகவே தோன்றும். வட அயர்லாந்தில் புரட்டஸ்தாந்தினர் கோலோச்சிய பெல்ஃபாஸ்ற் நகரை நினைந்து ‘கனடாவின் பெல்ஃபாஸ்ற்’ என்று அழைக்கப்பட்ட ஊர் அது. மேயர் நாற்காலியில் அமர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஒரேஞ்ச் அமைப்பின் உறுப்பினர்கள். காவல்துறையிலும் தீயணைப்புப் படையிலும் மாநகரசபைப் பணிமனைகளிலும் வேலை தேடிச் சென்றவருக்கு அந்த உறுப்புரிமை பெருந்துணையாக இருந்தது. வழிபாட்டுக்குரிய ஓய்வுநாளாகப் பேணப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் பெற்று விளையாட்டுப் போட்டிகளை நடத்துவதற்கே 1950 இல் வாக்கெடுப்பு வைத்து மக்களின் இசைவைப் பெறவேண்டியிருந்தது. அத்தகைய ஊரில் மேயர் ஒருவர் பொயின் போரைப் புகழ்ந்தது புதுமையன்று. அதற்குக் கண்டனம் எழுந்ததுதான் புதுமை.

சோண்டர்ஸ் மேயரான வழியையும் இங்கே சொல்லவேண்டும். அக்காலத்தில் ரொறன்ரோவில் ஆண்டுதோறும் தேர்தல் நடந்தது. ஒன்பது வட்டாரங்களிலிருந்து தெரிவாகும் உறுப்பினர்களுக்கு மேலாக, நகரம் முழுவதும் வாக்களித்துத் தெரிவுசெய்யும் நால்வரும் மேயரும் சேர்ந்து கட்டுப்பாட்டுக் குழுவாக இயங்கினர். பணப்பெட்டியின் சாவி அந்தக் குழுவிடமே இருந்தது. நால்வருள் மிகுந்த வாக்குப் பெற்றவர் மேயருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது மரபு. 1954 நடுப்பகுதியில் மேயர் அலன் லம்போர்ட் பதவி விலகிப் போக்குவரத்து ஆணைக்குழுவுக்குச் சென்றபோது, அந்த மரபின் வழியாகவே சோண்டர்ஸ் மேயரானார். மேயர் பதவிக்கென்று அவர் மக்களிடம் வாக்குக் கேட்டிருக்கவில்லை. டிசம்பர்த் தேர்தலே அவருக்கு முதற் சோதனை.

அவரை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் நேதன் பிலிப்ஸ். யூதக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர், யூதக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த ஸ்படைனா வீதிப் பகுதியை உள்ளடக்கிய நான்காம் வட்டாரத்தின் சார்பில் 1920களிலிருந்தே மாநகரசபையில் இருந்தவர், கட்சியால் பழைமைவாதி. 1951 இலும் 1952 இலும் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்தார். அவர் புரட்சிக்காரர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சபையின் நடைமுறைகளில் ஊறிப்போன, யாரையும் அச்சுறுத்தாத மூத்த உறுப்பினர் என்பதே அவருடைய பலம். சோண்டர்ஸ் தம்மைப் புரட்டஸ்தாந்து வேட்பாளராகவே முன்னிறுத்த, பிலிப்ஸோ தாம் எல்லா மக்களுக்குமான மேயராக இருக்கப்போவதாகச் சொன்னார். பழைமைவாதிகளின் ஏடாகிய ‘டெலிகிராம்’ அவரை ஆதரித்தது. மூன்றாவது வலுவான வேட்பாளராக ஆதர் பிரவுண் களத்தில் நின்றார்.

அந்த ஆண்டு நகரத்துக்கு அமைதியான ஆண்டன்று. ஜனவரியில் பதின்மூன்று உள்ளூராட்சிகளை இணைத்த பெருநகர அரசு செயற்படத் தொடங்கியது. மார்ச் 30 இல் யங் வீதியின் கீழ் சுரங்க ரயில் ஓடியது. அக்டோபர் நடுவில் ஹேசல் புயல் ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. வடிகாலும் வீடமைப்பும் வரியும் இப்படி நெருக்கிய ஆண்டில், 264 ஆண்டுகளுக்கு முந்திய போரொன்று வாக்காளர் முன் வைக்கப்பட்டது.

பிலிப்ஸ் வென்றார். அதுவரை புரட்டஸ்தாந்தினரே அமர்ந்திருந்த நாற்காலியில் முதல் யூதர் அமர்ந்தார். ரொறன்ரோ சகிப்புத்தன்மையின் பக்கம் திரும்பிய நாள் என்று இதனைப் போற்றுவது வழக்கம். எனக்கு அது சற்று அவசரப்பட்ட தீர்ப்பாகவே தோன்றுகிறது. வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன. பிலிப்ஸ் பெற்றவை பாதியை எட்டவில்லை. இரண்டாம் சுற்று என்ற ஏற்பாடு இல்லாததால் முன்னணியில் இருந்தவரே வெற்றிபெற்றார். பிரவுண் நின்றிராவிட்டால் முடிவு மாறியிருக்கக்கூடும். ஆகவே 1954 இல் பழைய ரொறன்ரோ தோற்றது என்பதைவிட, அது பிளவுபட்டது என்பதே பொருந்தும்.

மாற்றத்துக்கான சான்றை அடுத்து வந்த தேர்தல்களில்தான் தேடவேண்டும். பிலிப்ஸ் மீண்டும் மீண்டும் வென்றார். 1960 இல் முன்னாள் மேயர் லம்போர்ட்டும், கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தெரிவான முதற் பெண்ணான ஜீன் நியூமனும் எதிர்த்து நின்றபோதும் வென்றார். புதிய நகர மண்டபத்துக்கு உலகளாவிய வடிவமைப்புப் போட்டி நடத்தி, 1958 இல் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் வில்யோ ரெவெல் தெரிவாவதற்கு வழிசெய்தது அவருடைய ஆட்சியே. 1962 இல் டொனால்ட் சம்மர்வில்லிடம் தோற்றமையால், 1965 இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தில் மேயராக அமரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதன் முன்னுள்ள சதுக்கம் மட்டும் அவர் பெயரைப் பெற்றது.

சம்மர்வில் 1963 இல் பதவியிலிருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்த பிலிப் கிவன்ஸும் யூதரே. 1966 இல் அவரைத் தோற்கடித்த வில்லியம் டெனிசன் ஒரேஞ்ச் அமைப்பைச் சேர்ந்தவர். பொயின் போரை மீண்டும் மூட்டுவதற்கு இதைவிட வாய்ப்பான களம் அமைந்திருக்காது. ஆனால் அந்தத் தேர்தலில் நகரம் பெரிதாக வாதிட்டது மதத்தைப் பற்றியன்று. நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்காகக் கிவன்ஸ் முன்னின்று வாங்குவித்த ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பத்துக்கு அத்தனை பணம் தகுமா என்பதைப் பற்றித்தான்.

நன்றி. வணக்கம்.