கீழாநெல்லியும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

(காரைக்குடியில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் ஆயா விடியும் முன்பே ஊருணிக் கரைக்குப் போய், கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வருவார். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத்தான் பறிப்பார். இரண்டாம் கட்டில் அம்மியை அலம்பி, விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்துக் கொடுப்பார். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. கைராசிக்காரி என்று ஊரே சொன்னது.

மருத்துவம் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அசுத்தத் தண்ணீர் வழியாக வரும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். ஆயாவின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே மோருக்கும் அம்மிக்கும் நேரம் கிடையாது, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, கீழாநெல்லியை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்ளவே இல்லையா? கண்டுகொண்டார்கள். ஈரலைத் தாக்கிக் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்குச் சென்னையில் 30 நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வு, 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் ப்ளம்பர்க்கும் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். ஊருணிக் கரைச் செடிக்கு எவ்வளவு பெரிய மேடை! ஆனால் அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. இருந்தாலும் முதல் ஆய்வை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வராது.

எங்கள் உறவில் ஒருவர். இருபத்து மூன்று வயதில் காமாலை வந்து, கீழாநெல்லி குடித்து, கண் வெளுத்ததும் கடைக்குத் திரும்பிவிட்டார். யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டில் வயிறு வீங்கி வந்தார். ஈரல் சுருங்கிப் போயிருந்தது. பி கிருமி இருபத்தைந்து வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. கண் வெளுப்பதை வைத்து அது போய்விட்டது என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் பி கிருமி நிலைத்துத் தங்கும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது அதனால்தான். பேரன் பிறந்த செய்தி வந்ததும் எடையையும் நட்சத்திரத்தையும் கேட்கிறோம், ஊசி போட்டாச்சா என்றும் கேளுங்கள்.

ஹெபடைடிஸில் சி என்று இன்னொரு வகை உண்டு, அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். நான் படித்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த மூவருக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகத் தரும் மத்திய அரசுத் திட்டம் 2018-இலிருந்து நடக்கிறது.

கூட்டம் தொடங்கும் முன் ஓர் ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “மருமகளுக்கு பி இருக்காம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா தம்பி?” தாராளமாகக் கொடுக்கலாம் ஆச்சி. பிறந்தவுடன் தடுப்பூசியும், கூடவே கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டுவிடுங்கள். பிள்ளை தாயிடமே இருக்கட்டும்.