எட்டு ரூபாய்ச் சட்டி

(அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நாடாளுமன்ற உறுப்பினரின் சார்பில் வந்து சிறப்பித்திருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அம்மா அவர்களே, பள்ளி வளாகத்தையும் நாற்காலிகளையும் தந்து உதவிய தலைமையாசிரியர் அவர்களே, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மையத்தைப் பூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களே, உதவியாளர்களே, சத்துணவு அமைப்பாளர்களே, சமையலர்களே, இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பந்தலும் ஒலிபெருக்கியும் வணிகர் சங்கத்தார் உபயம். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். பட்டியல் தொகை வரும்வரை பருப்பையும் காயையும் கடனாகக் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் சோற்றுக்கு அரசு தரும் பணம் நேரத்துக்கு வராத நாளில் அந்தப் பாரத்தைச் சுமப்பது அந்தக் கடன் நோட்டுதான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, சின்னப் பிள்ளையின் சாப்பாட்டுக்கு அரசு வைத்திருக்கும் விலை. இரண்டு, 2011 கணக்கெடுப்பை வைத்தே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எண்ணிக்கை. மூன்று, சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைக் கைபேசியில் பதியும் புது முறை. முதல் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இன்றைக்கு அந்தச் சட்டியைத்தான் பார்க்கப் போகிறோம்.

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றம் கூடுகிறது. தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம் என்பது அவர் கொண்டுவந்த யோசனை. பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை சேரவில்லை என்று காரணம் சொன்னார். மன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு வரம்பு வைத்தது: ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. அணா என்றால் இங்கிருக்கும் இளம் தாய்மார்களுக்குத் தெரிந்திருக்காது. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அந்த ஓர் அணா என்ன செய்தது தெரியுமா? திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். இரண்டே ஆண்டில், 1924-25இல், 1,671 பிள்ளைகள். இரண்டு மடங்குக்கும் மேல்! புதுக் கட்டடம் கட்டியா வந்தார்கள்? பிரம்பைக் காட்டியா கூட்டி வந்தார்கள்? தட்டில் சாப்பாடு விழுந்தது, பிள்ளைகள் வந்தார்கள். சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1925 ஏப்ரல் 1ஆம் தேதி சாப்பாடு நின்றது. ஏன் நின்றது? அரிசி இல்லையா? சமைக்க ஆள் இல்லையா? பிள்ளைகள் வேண்டாம் என்றார்களா? ஒன்றுமில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அன்றைய அரசு தடுத்துவிட்டது. கணக்கில் தலைப்பு பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்தத் தலைப்புக்காகப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். மறுபடி சாப்பாடு வர 1927 ஆயிற்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டிக்கு வரும் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில், எந்தத் தேதியில், எந்த விலையில் வருகிறது என்பதிலும் பிள்ளையின் வயிறு இருக்கிறது.

காமராசர் 1956இல் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கியதும், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய திட்டத்தில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளும் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள். பள்ளிக்கு வருமுன்பே பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றிய அரசின் விலைப்பட்டியலைப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சமையல் பொருள் செலவு என்று ஒரு தொகை உண்டு. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய் 50 கிராம், எண்ணெய் 5 கிராம் என்பது அளவு. அரிசி இந்திய உணவுக் கழகத்திலிருந்து தனியாக வந்துவிடும். மற்றவற்றுக்குத்தான் அந்தத் தொகை. 2016 ஜூலையில் அது 4 ரூபாய் 13 காசு. 2022 அக்டோபரில் 5.45. 2024 டிசம்பரில் 6.19. 2025 மே முதல் 6.78. போதாது என்பது வேறு பேச்சு, ஆனால் நகர்கிறது. தொழிலாளர் பணியகம் கிராமங்களில் எடுக்கும் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து நகர்த்துகிறார்கள்.

அங்கன்வாடிப் பிள்ளைக்கு என்ன? 2017இல் 6 ரூபாயை 8 ஆக்கினார்கள். இதில் பங்கு பாதிக்குப் பாதி. கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைக்கு 12 ரூபாய், கருவுற்ற, பாலூட்டும் தாய்க்கு ஒன்பதரை ரூபாய். 2024 முடியும் வரை அந்த 8 ரூபாய் 8 ரூபாயாகவே கிடந்தது. அதே காலத்தில் பள்ளித் தொகை 4.13லிருந்து 6.19 ஆனது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே கணக்கில் நம் 8 ரூபாய் 12 ஆகியிருக்க வேண்டும். அதாவது, எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கென்று 2017இல் ஒதுக்கிய தொகை இன்றைக்கு நல்ல பிள்ளைக்கே தேவைப்படுகிறது! 2025 ஒன்றிய பட்ஜெட் உரையில் இந்த வரம்பை உயர்த்துவோம் என்றார்கள். எவ்வளவு என்று அந்த உரையில் இல்லை.

விலை தேங்கினால் சமையலறையில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மேடையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்றது. நம் மையத்தில் ஒரு பிள்ளைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு. அரிசியில் ஐந்தரை கிராம் புரதம் வரும், பருப்பில் இரண்டேகால் வரும், எட்டைக்கூடத் தொடவில்லை. ஒரு முட்டை வைத்தால் ஆறு கிராம் சேர்ந்து பதினான்கை நெருங்கும். 20 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் பதினொன்றரைக்குக் கிட்டே வந்து நின்றுவிடும். ஆக, சட்டம் அன்று கேட்ட புரதம் முட்டை வைக்கும் நாளில்தான் முழுதாகக் கிடைக்கிறது. முட்டை ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஆறு போனால் மீதி இரண்டு. அந்த இரண்டில் பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் வாங்க முடியுமா? தமிழ்நாட்டில் முட்டைச் செலவை மாநில அரசு ஏற்றதால் தட்டில் முட்டை இருக்கிறது. அது இல்லாத மாநிலத்துப் பிள்ளைக்கும் அதே வயிறுதானே?

பணம் குறைந்தால் அரிசி குறையாது, அது மூட்டையில் இருக்கிறது. முதலில் சாம்பார் நீர்க்கும். அடுத்து கேரட்டும் பீன்ஸும் போய்ப் பூசணியும் சுரைக்காயும் வரும். பிறகு தாளிப்பு எண்ணெய் குறையும். பிள்ளைக்கு வயிறு நிறையும், எடை ஏறாது. வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துவிட்டது என்று பணியாளரைக் கேள்வி கேட்பார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், அம்மா.

சின்ன மையங்களின் பாடு இன்னும் மோசம். தொகை தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. 30 பிள்ளைகள் வந்தால் 240 ரூபாய், 12 பிள்ளைகள் வந்தால் 96 ரூபாய். ஆனால் பருப்பு வேக ஆகும் நேரமும் எரியும் கேஸும் இரண்டு மையத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மழை பெய்து எட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்த நாளில் கைக்காசு போகிறது. மலைக் கிராமத்திலும் கடைக்கோடிக் குடியிருப்பிலும் இருப்பவை இப்படிப்பட்ட மையங்கள்தான்.

இரண்டாவது செய்தி: உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75, நகரத்தில் 50 விழுக்காட்டினருக்கு என்று வரம்பு வைத்தது, அதை 2011 மக்கள்தொகையில் கணக்கிட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பொது விநியோகம் என்பதால் நமக்கு இதன் சூடு நேரடியாகத் தெரிவதில்லை. விரிவாகப் பேச வேண்டிய விஷயம், நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்புகிறார். முகம் பதியும் மூன்றாவது செய்தியை இன்னொரு நாள் பேசுவோம்.

கேட்பது இதுதான். அங்கன்வாடித் தொகையும் பள்ளித் தொகையைப் போல அதே விலைவாசிக் குறியீட்டின்படி, ஆண்டுதோறும் ஏப்ரல் 1இல் தானாக உயர வேண்டும். முட்டைக்குத் தனித் தலைப்பு வேண்டும். எரிபொருள் செலவைத் தலைக்கணக்கிலிருந்து பிரித்து, மையத்துக்கு இவ்வளவு என்று நிலையாகத் தர வேண்டும். இதை ஒன்றிய அரசுக்கு எடுத்துச் செல்லும்படி நாடாளுமன்ற உறுப்பினரையும், பேரவையில் பேசும்படி நம் சட்டமன்ற உறுப்பினரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெறும் கையோடு அவர்களை அனுப்பக் கூடாது. வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஒரு மாதம் தினமும் எழுதுங்கள்: வந்த பிள்ளைகள் எத்தனை, அடுப்பில் போட்ட பருப்பு எத்தனை கிராம், கடையில் வாங்கிய விலை என்ன, சிலிண்டர் மாட்டிய தேதி, தீர்ந்த தேதி, பட்டியல் கொடுத்த நாள், பணம் வந்த நாள். பதிவேட்டில் இருக்க வேண்டிய அளவை எழுதாதீர்கள், தராசில் நின்ற அளவை எழுதுங்கள். மையத்தின் பெயர் வேண்டாம், பிள்ளைகளின் எண்ணிக்கை போதும். கிளம்பும்போது ஆளுக்கொரு தாள் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.