விடைத்தாள் பிள்ளையின் கைக்குத் திரும்பும் நாள்

(பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஒன்றியமொன்றின் புதிய செயற்குழுவுக்கு ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

புதிய செயற்குழுவினரே, சிரேஷ்ட மாணவர்களே, வணக்கம்.

கலைவிழா, சஞ்சிகை, இரத்ததானம் என்று ஒன்றியத்துக்கு வேலைகள் பல. அவற்றுக்குப் பழகிய வழி இருக்கிறது. இன்று நான் பேசப்போவது உயர்தர மாணவர்களுக்கான முன்னோடிப் பரீட்சையை, அதாவது உண்மையான உயர்தரப் பரீட்சைக்கு முன் நாம் நடத்தும் மாதிரிப் பரீட்சையைப் பற்றி மட்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்திவருகிற பணி இது. இதில் நாம் பிழைவிட்டால் அடிபடுவது பிள்ளைகள்.

வினாத்தாளில் தொடங்குகிறேன். இணைந்த கணிதத்தில் தாள் ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். பகுதி அ-வில் 10 வினாக்கள், தலா 25 புள்ளி. பகுதி ஆ-வில் 7 வினாக்களில் 5, தலா 150 புள்ளி. வினாவை எழுதியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. தன் பிழை தன் கண்ணில் படாது. தாளைப் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து, நேரம் குறித்துச் செய்விக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவருக்கே இரண்டரை மணித்தியாலம் பிடித்தால் தாள் நீளமானது, குறையுங்கள். நம் கெட்டித்தனத்தைக் காட்ட அது இடமல்ல. பரீட்சை நெருங்கும் வேளையில் நூற்றுக்கு 20 புள்ளி எடுத்த பிள்ளை பாடத்தையே வெறுத்துவிடக்கூடும்.

படங்களைக் கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். அச்சகம் தரும் முதற்பிரதியில் பாருங்கள். கோணக்குறியும் மின்சுற்றின் முனைப் பெயர்களும் மங்கிப்போவது அங்கேதான்.

அடுத்தது திருத்தல். இதில்தான் ஒன்றியங்கள் மூச்சுத் திணறுகின்றன, ஏனென்றால் யாரும் முன்கூட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு பரீட்சார்த்திக்கு இணைந்த கணிதத்தின் இரண்டு தாளிலும் சேர்த்து 30 விடைகள். 1000 பேர் எழுதினால் 30,000 விடைகள். விடைக்கு 2 நிமிடம் என்றாலும் 1000 மணித்தியாலம். 50 பேர் திருத்தினால் ஆளுக்கு 20 மணித்தியாலம், அதாவது நாளுக்கு 5 மணித்தியாலமாக நான்கு நாட்கள். அதுவும் ஒரு பாடத்துக்கு மட்டும். நம் சொந்தப் பரீட்சைக் கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திகதி குறியுங்கள்.

முழுத்தாளையும் ஒருவரிடம் கொடுக்காமல், ஒரு வினாவை ஒரு குழுவிடம் கொடுங்கள். முதலில் 20 தாள்களை எல்லோரும் தனித்தனியே திருத்தி, புள்ளிகளை ஒப்பிட வேண்டும். ஒருவர் 90 போட்ட விடைக்கு இன்னொருவர் 120 போட்டிருப்பார். இடையில் கூட்டற்பிழை விட்டு முறையைச் சரியாகக் கொண்டுபோன பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று புள்ளித்திட்டத்தில் எழுதாததே காரணம். எழுதிய பிறகு மிச்சக் கட்டைப் பிரியுங்கள். பௌதிகம், இரசாயனம் போன்ற பாடங்களின் பல்தேர்வுத் தாளில், சரியான விடைகளின் இடத்தில் துளையிட்ட அட்டையை வைக்குமுன், இரண்டு விடை குறித்த வினாக்களைச் சிவப்பு மையால் வெட்டிவிடுங்கள். அட்டையை வைத்தபின் இரண்டாவது குறி தெரியாது.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி பற்றி ஒரு வார்த்தை. எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது அது. நம்மிடம் எழுதும் கூட்டம் வேறு, நாடு முழுக்க எழுதும் கூட்டம் வேறு. ஆகவே நாம் கணித்த இசட் புள்ளியைப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது தவறு. முதலிடங்களைப் பெரிதாகக் கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. எந்த வினாவில் எத்தனை பேர் எங்கே தடுக்கினார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாடசாலைக்கு அனுப்புங்கள். ஆசிரியருக்கு உதவுவது அந்தப் பக்கம்தான்.

திருத்திய தாள் பிள்ளையின் கைக்குப் போகாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். உண்மையான பரீட்சைக்கு ஒரு மாதமாவது இருக்கையில் தாளும் புள்ளித்திட்டமும் போய்ச்சேர வேண்டும். அந்தத் திகதியை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி அச்சு, பரீட்சை, திருத்தல் நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள். வரவுசெலவில் தாள்களைத் திருப்பி அனுப்பும் செலவையும் முதலிலேயே ஒதுக்குங்கள். அனுசரணைப் பணம் அச்சோடு தீர்ந்துவிடும்போது வெட்டப்படுவது மலையகத்தின் தூரப் பாடசாலைகளுக்கான கட்டுகளே. கணித ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருப்பதும் அங்கேதான்.