பொருளா, புழக்கமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

ஓர் ஆங்கிலச் சொல் நமக்கு வசப்படுவது பொருளாலா, புழக்கத்தாலா? நான் புழக்கத்தின் பக்கம். முன்னால் பேசிய நண்பர் 'எம்பிட்டர்' என்ற வினைச்சொல்லைத் தூக்கி வந்தார். "பிட்டர் என்றால் கசப்பு. முன்னால் எம் சேர்த்தால் கசப்பாக்கு. பொருள் தெரிந்தது, வேலை முடிந்தது" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடியவில்லை ஐயா, அங்கேதான் தொடங்குகிறது. அவர் கொடுத்த பொருளை மட்டும் நம்பி ஒரு மாணவன் எழுதட்டும். "தி டேப்லெட் எம்பிட்டர்ட் மை மவுத்." மாத்திரை வாயைக் கசக்க வைத்ததாம். இலக்கணத்தில் குறையில்லை, ஆனால் இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. மாத்திரைக்கு 'டேஸ்ட்ஸ் பிட்டர்' போதும். அடுத்த வாக்கியம், "ஐ எம்பிட்டர்ட் வித் மை பிரதர்." அண்ணனோடு கசந்துவிட்டதாம். இங்கே இலக்கணமே கவிழ்ந்துவிட்டது. நம்முடைய 'கச' செயப்படுபொருள் குன்றிய வினை. 'உறவு கசந்தது' என்று சொல்லி நிறுத்திவிடலாம். எம்பிட்டர் அப்படி நிற்காது. அது யாரையாவது கசக்க வைத்தாக வேண்டும். கசந்துபோன ஆளே எழுவாயாக வந்தால், 'ஹி வாஸ் எம்பிட்டர்ட் பை' என்று செயப்பாட்டில்தான் வருவார்.

சரி, அந்தப் 'பை'க்குப் பின்னால் யார் வருவார்கள்? பல வருடம் இழுத்த வழக்கு வரும். கூட இருந்தவனின் துரோகம் வரும். ஜூனியருக்குப் போன பதவி உயர்வு வரும். காலையில் தவறவிட்ட பஸ் வராது. அதற்கு 'அனாய்ட்' இருக்கிறது. காயம் ஆறாமல் உள்ளே தங்கி, ஆளின் குணத்தையே திரித்துவிட வேண்டும், அப்போதுதான் அவர் 'அன் எம்பிட்டர்ட் மேன்'. 'கசப்பாக்கு' என்ற ஒற்றைப் பொருளில் இந்த நாள்பட்ட வலி எங்கே இருக்கிறது என்று எதிரணி காட்டட்டும்.

அம்மையார் ஒருவர் யாத்திராகமத்தைக் காட்டினார். எகிப்தியர் இஸ்ரவேலரின் 'ஜீவனையும் கசப்பாக்கினார்கள்' என்று தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறதே, பொருள் அப்படியே பொருந்துகிறதே என்றார். நல்ல மேற்கோள், எங்களுக்கு உதவுகிற மேற்கோள்! அந்த வசனத்தை முழுதாகப் படியுங்கள். சாந்து, செங்கல், வயல் வேலை என்று அடிமைப்பாடு வரிசையாக வருகிறது. கசப்பின் கனத்தைச் சொல்வது அந்தச் சுற்றுப்புறம்தான்.

அவர் பைபிளை எடுத்ததால் நானும் எடுக்கிறேன். கொலோசெயர் 3:21. தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாது என்கிறது 1611-ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. அதே இடத்தில் இக்காலத்து நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன், 'டூ நாட் எம்பிட்டர் யுவர் சில்ட்ரன்' என்று எழுதுகிறது. ஒருநாள் திட்டினால் பையனுக்குக் கோபம் வரும், ராத்திரி சாப்பாட்டுக்குள் போய்விடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லித் தினமும் குத்தினால்? அப்புறம் அவன் திட்டினாலும் பேசமாட்டான், கொஞ்சினாலும் பேசமாட்டான். எம்பிட்டர் குடியிருக்கும் இடம் அது.

"அகராதியே பொருளைத்தானே தருகிறது?" என்று கேட்டார்கள். எந்த அகராதி? ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1942-இல் அங்கேயே வெளியிட்ட கற்போர் அகராதியில், எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்தே கொடுத்தார். 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒருபடி மேலே போய், பொருளையே முழு வாக்கியத்தில் எழுதியது. அகராதிக்காரர்களே எங்கள் அணிக்கு வந்துவிட்டார்கள், நடுவர் அவர்களே!

கடைசியாக, 'வேர்ச்சொல் போதும்' என்ற வாதம். எம்பிட்டரின் பங்காளி 'ரிசென்ட்'. பிரெஞ்சு வழி வந்த சொல். உணர்வது என்பதுதான் அதன் அடி. பதினேழாம் நூற்றாண்டில் ஒருவர் செய்த உதவியை நன்றியோடு நினைப்பதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். வேர் அதேதான், இன்றைக்கு அதில் மனத்தாங்கல் மட்டுமே மிச்சம். பொருளை மாற்றியது புழக்கம். வேரே போதும் என்கிற நண்பர், தன் மேலதிகாரிக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் 'ஐ ரிசென்ட் யுவர் ஹெல்ப்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பட்டும். என்ன பதில் வருகிறது என்று அடுத்த பட்டிமன்றத்தில் வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.