வகுப்பு நான் எடுத்தேன், உட்கார வைத்தது வீடு

நடுவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு கோலாலம்பூர் வெயிலில் வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பைக் கரைசேர்த்தது ஆசிரியரா, குடும்பமா என்பது கேள்வி. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 'குடும்பமே' என்று பேச வந்திருக்கிறேன். நாளைக்கு ஆசிரியர் அறையில் எனக்கு யாராவது தேத்தண்ணி கொடுப்பார்களா தெரியவில்லை.

எதிரணித் தலைவர் அடுக்கிக்கொண்டே போனார். ஆசிரியர்கள் ராத்திரியோடு ராத்திரியாக கூகல் மீட் பழகினார்களாம், காணொலி செய்தார்களாம், பயிற்சித் தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். எல்லாம் உண்மை. நானும் செய்தேன். ஆனால் ஐயா, என் பாடம் கைப்பேசித் திரையோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் நடந்தது என் கையில் இல்லை.

அந்தத் திரையாவது எல்லார் வீட்டிலும் இருந்ததா? 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதையொட்டிக் கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை.

என் வகுப்பில் ஒரு பையன். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு லோரியில் போய்விடும். ராத்திரி பத்தரைக்கு அவர் வந்து குளிக்கப் போன பிறகுதான் இவனுக்குப் பாடம் திறக்கும். பதினொன்றேகாலுக்கு என் வாட்சாப்பில் படம் வந்து விழும். நோட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு பெருவிரல், நகக்கண்ணில் மஞ்சள். அம்மாவின் விரல். மங்கலாக விழுந்த இரண்டு படங்களையும் விடாமல் சேர்த்தே அனுப்பியிருப்பார். ஒரு நாள் தவறவில்லை. காலை எட்டு மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அவன் திரையில் பார்த்தது அப்பாவின் ஓய்வு நாளில் மட்டும்தான்.

அப்புறம் இன்னொன்று. அப்போது ஆறாம் ஆண்டு என்றாலே யூபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு தலைக்கு மேல் தொங்கும். 2020-இல் அந்தத் தேர்வு ரத்து. மறு ஆண்டு அடியோடு எடுத்தே விட்டார்கள். தேர்வும் இல்லை, மணியும் இல்லை, முறைத்துப் பார்க்க டீச்சரும் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் எதற்காகப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்? கேமராவை அணைத்துவிட்டு மெத்தையில் படுத்துக்கொண்டால் எனக்குத் தெரியவா போகிறது?

உட்கார வைத்தது வீடு. அது எப்படிப்பட்ட வீடு? 2021 ஜூன் 1 முதல் முழு முடக்கம். சமைக்க ஒன்றுமில்லை என்று ஜன்னலில் வெள்ளைக் கொடி கட்டிய காலம் அது. வாடகைக்கே வழி தெரியாதவர்கள் பிள்ளைக்கு டேட்டா போட்டார்கள். எனக்கோ சம்பளம் மாதா மாதம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் பின்தங்கிப் போனார்களே, குடும்பம் என்ன கிழித்தது என்று எதிரணி கேட்கும். சரி, பின்தங்கினார்கள். அக்டோபரில் பள்ளி திறந்தபோது வாய்பாடு மறந்து வந்தார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தார்கள். ஆனால் வந்தார்கள் ஐயா.

இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது பாட்டி. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பேத்தி மைக்கை அணைக்க மறந்தால் பாட்டியின் குரல் வகுப்புக்கே கேட்கும்: "நிமிந்து உக்காரு, டீச்சர் பாக்குறாங்க!" வகுப்பு மொத்தமும் நிமிரும். நானும் நிமிர்வேன்.

பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், அந்தப் பின்னக் கணக்குல கீழ இருக்கற நம்பர ஒண்ணாக்கணும்னு சொன்னீங்க. அதோட லைன் போயிருச்சு. அப்புறம் என்ன செய்யணும்?"

இதை எதிரணி தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.