செய்கூலி உண்டு, சேதாரம் கிடையாது

(சேலம் குகையில் ஆடித் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: மலிவு விலை விமானம் நமக்கு வரமா, வம்பா? ‘வரமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், நேற்று வண்டி வேடிக்கையில் விடிய விடிய நின்ற கால்களோடு இன்றும் வந்து உட்கார்ந்திருக்கும் குகை மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு. வணக்கம் இவ்வளவு போதும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். “மலிவு விமானம் என்பது இறக்கை முளைத்த டவுன் பஸ்! குடிக்கத் தண்ணீர்கூடக் காசு!” என்றார். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன், இதில் திட்டு எங்கே இருக்கிறது?

ஐயா, நான் இங்கே டவுன் பஸ்ஸில்தான் வந்தேன். பழைய பஸ் நிலையத்தில் ஏறினேன், குகையில் இறங்கினேன், கட்டணம் பூஜ்யம். 2021இலிருந்து பெண்களுக்கு அப்படித்தான். தாங்கள் காரில் வந்தீர்கள். நிறுத்த இடம் தேடி இரண்டு தெரு சுற்றினீர்கள், நான் பார்த்தேன். டவுன் பஸ் என்றால் தங்களுக்கு இளக்காரம். எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம் போன வழி, பிரசவத்துக்குப் போன வழி. ஏற்காட்டு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவைத் தாண்டியும் வயிறு புரட்டாதவர் இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை! அந்த பஸ்ஸில் யாராவது எலுமிச்சம்பழம் இலவசமாகக் கொடுத்தார்களா? முந்தானையில் முடிந்துகொண்டு போனோம். விமானத்துக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலை நாமே கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும்? காலி பாட்டிலை நிரப்பிக்கொள்ள உள்ளேயே குழாய் இருக்கிறது. கிட்டத்து ஊருக்குப் போகும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அவர்களே சிற்றுண்டி தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. பேராசிரியர் கேட்டு வாங்கியிருக்க மாட்டார். கௌரவம் தடுத்திருக்கும்.

“ஏன் எல்லாவற்றுக்கும் காசு?” என்கிறீர்கள். குகைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தறி ஓடினால்தானே கூலி? விமானமும் அப்படித்தான். தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அதனால்தான் இறக்கிய அரைமணி நேரத்தில் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளப்பிவிடுகிறார்கள். சாப்பாடு வேண்டுமா, தனி. சன்னல் இருக்கை வேண்டுமா, தனி. நகைக்கடைப் பலகையில் கிராம் விலை ஒன்று இருக்கும், பில்லில் வேறொன்று வரும். சேலத்துக்காரனுக்கு இது புதிதா?

நகை என்றதும் என் அப்பா ஞாபகம் வருகிறது. நடுவர் அவர்களே, இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். ஐம்பது வருடம் தராசோடு வாழ்ந்தவர். 2018இல் நம் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டார்கள். அங்கே என் அத்தை இருந்தார், அப்பாவின் ஒரே தங்கை. அந்த ஆண்டு மாம்பழப் பருவத்தில் அப்பாவை ஏற்றி அனுப்பினோம். பை நிறைய மல்கோவா. அன்று காலையில் பறித்த காய், அரிசிப் பானையில் வைத்தால் மூன்றாம் நாள் பழுக்கும்.

கவுண்டரில் எடை போட்டார்கள். பதினாறு கிலோ எண்ணூறு. அனுமதி பதினைந்து. அப்பா அந்த எந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். “ஏம்மா, இந்தத் தராசுக்கு முத்திரை எப்போது வைத்தார்கள்?” என்று கேட்டார். பின்னால் வரிசை நிற்கிறது!

ஒரு காயை எடுத்தார், பதினாறு முந்நூறு. இன்னொன்று, பதினைந்து எண்ணூறு. மூன்றாவது, பதினைந்து நானூறு. நான்காவதை எடுத்தால் பதினாலு தொள்ளாயிரத்துக்கு இறங்கிவிடும் என்று கையில் தூக்கிப் பார்த்தே சொன்னார். நூறு கிராம் நமக்கு நஷ்டமாம்! உரிமைப்பட்ட நூறு கிராமை எதற்கு விடுவது? குனிந்து, மெதுவாக, வியாபாரியிடம் பேசும் குரலில் கேட்டார்: “ஒரு நானூறு கிராம் சேதாரம் போட்டுக்கொள்ளம்மா.”

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன். விமான நிலையத்தில் என் அப்பா சேதாரம் கேட்டார்!

அந்தப் பெண் நம் ஊர்ப் பிள்ளை. முகத்தைத் துளியும் மாற்றாமல் சொன்னாள்: “ஐயா, எங்களிடம் செய்கூலி மட்டும்தான். சேதாரம் கிடையாது.”

ஐம்பது வருடம் வியாபாரிகளிடம் சேதாரம் பேசி வாங்கியவர் வாயடைத்து நின்றார். பிறகு அவளே சொன்னாள், “கைப்பையில் ஏழு கிலோ வரை கொண்டுபோகலாம் ஐயா, அதில் போடுங்கள்.” இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அப்பா நான்கில் ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டு ஏறினார். அது செய்கூலி என்றார்.

எங்கே விட்டேன்? வரம். 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் தொடங்கி, ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றார். அந்தப் பெயர் பிறகு கைமாறி மறைந்தது என்பதும் உண்மைதான். சின்ன ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளுக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். கொலுசு செய்த என் அப்பா ஏறியது அந்தக் கணக்கில்தான்.

சென்னையில் இறங்கியதும் அத்தை முதலில் பையைத்தான் திறந்தாராம். காம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பால் இன்னும் பிசுபிசுத்தது. “அண்ணா, மரம் உன் பின்னாலேயே வந்துவிட்டதா?” என்று கேட்டாராம். அப்பா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை.

“நம்ப முடியாது, திடீரென்று நிறுத்திவிடுவார்கள்” என்றார் பேராசிரியர். நிறுத்தினார்கள், ஐயா. 2021இல் நின்ற விமானம் 2023 அக்டோபரில்தான் கமலாபுரத்துக்குத் திரும்பி வந்தது. நடுவில், 2022 ஆனி மாதம், ஒரு விடியற்காலையில் போன் வந்தது. அத்தை போய்விட்டார். அப்பா கிடைத்த பஸ்ஸில் ஏறினார். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் நெரிசலில் நின்றது. போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஈர வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் நின்றாராம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடிக்கிறேன். பேராசிரியர் குறிப்பெடுக்கிறார், “இது என் கட்சிக்குத்தானே சாட்சி” என்று எழுந்து சொல்வார். சொல்லட்டும்.

விமானம் மறுபடி வந்துவிட்டது என்று அப்பாவிடம் செய்தித்தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “இப்போதும் பதினைந்து கிலோதானா?” என்று கேட்டார்.

வணக்கம்.