மாங்குளம் மலைக்கு யார் காவல்?

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நாட்டு அம்பலகாரர்களே, தொல்லியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் இந்த வெயிலில் மலையேறி வந்திருக்கும் ஐயா அவர்களே, பந்தல் போட்டு மோர் கொடுத்த மகளிர் குழுத் தாய்மார்களே, கோயில் திடலை மனமுவந்து தந்த மீனாட்சிபுரத்துப் பெரியவர்களே, மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத் தம்பிகளுக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகளைப் பேச வந்தேன். இந்த மலையில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு வரும் ஆபத்து எது, அதைக் காக்க நாம் என்ன செய்ய வேண்டும்.

மாங்குளம் மலையாகிய இந்த ஓவாமலையின் குகைத்தளங்களில் மேலே இருப்பவை தமிழிக் கல்வெட்டுகள். தமிழி என்பது தமிழ்-பிராமி என்றும் சொல்லப்படும் பழந்தமிழ் எழுத்து. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்டவை. 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் இவற்றைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். இவ்வகைக் குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924இல் கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். சங்க காலப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இங்கே இருப்பதை 1960களில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். கணி நந்தாசிரியன் என்னும் சமண முனிவருக்கு, நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி பள்ளி, அதாவது முனிவர் தங்கும் கற்படுக்கை, அமைத்துக் கொடுத்த செய்தி அது. வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்ததையும் இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. பக்கத்து வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். அழகர்மலைக்குப் போனால் மதுரை உப்பு வணிகனும் பொற்கொல்லனும் ஏர்க்கொழு விற்ற கொழு வணிகனும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் பெயர் இருக்கும் அதே பாறை எழுத்தில் உப்பு விற்றவன் பெயரும் இருக்கிறது. இதைவிட நமக்குப் பெருமை வேறென்ன வேண்டும்?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். 2024 நவம்பரில் இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது நாம் வெள்ளம் வந்த பிறகுதான் ஓடினோம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022இலேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டவை. அப்படியிருந்தும் ஏலம் வந்தது. மக்கள் மதுரை வரை நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அந்த வெற்றி உங்களுடையது, ஊர் ஊராக இறங்கி நடந்த தாய்மார்களுடையது. ஆனால் எப்போதும் நிகழும் ஆபத்து சுரங்கத்தைவிடச் சிறியது, ஓயாதது. கையில் கல்லோடும் பெயிண்ட் டப்பாவோடும் வருகிறவர்களைச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து மலை ஒன்றில் நான் கண்ணால் கண்டதைக் கேளுங்கள். மதுரையிலிருந்து வந்த வாலிபர்கள் நான்கைந்து பேர். ஒருவன் கற்படுக்கைக்கு மேலே, மழைநீர் உள்ளே இறங்காதபடி வெட்டிய காடிக்குக் கீழே, கூர்க்கல்லால் தன் பெயரைக் கீறத் தொடங்கிவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் தொரட்டிக் கம்போடு மேலே வந்துவிட்டார். அதட்டவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தார், சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார். பிறகு, “தம்பி, உன் பெயர் என்ன?” என்றார். அவன் சொன்னான். “அதோ மேலே ஒரு பெயர் இருக்கிறதே, அது யார் தெரியுமா?” அவனுக்குத் தெரியவில்லை. “இந்தப் படுக்கையை வெட்டிக் கொடுத்தவர். கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார். நீ என்ன கொடுத்தாய்?”

(கைதட்டல்)

அந்த வாலிபன் கல்லைக் கீழே போட்டுவிட்டான். என்னை வியக்க வைத்தது வேறு. “அப்பத்தா, உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். “எனக்கு ஏது எழுத்து? என் பேத்தி படித்துச் சொன்னாள்” என்றார். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் பாடநேரம் போக மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழி எழுத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவள் மலைக்கு வந்து எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்த மலைக்கு அப்பத்தாவே காவல்.

இதைத்தான் நான் மேடைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பி வேலி வேண்டும், அறிவிப்புப் பலகை வேண்டும், மறுக்கவில்லை. வேலி துருப்பிடிக்கும், பலகையில் சுவரொட்டி ஒட்டுவார்கள். தமிழி எழுத்தின் உயிரும் மெய்யும் நம் பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் வசப்படும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், விக்கிரமங்கலம் என்று பாறை எழுத்து உள்ள ஊர்ப் பள்ளிகளிலாவது முதலில் தொடங்குங்கள். வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணை இது, ஐயா. வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த எழுத்தின்மேல் பெயிண்ட் அடிக்க விடாது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். வெள்ளம் வருமுன் அணை என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவதில் பயனில்லை. தமிழிப் பாடவேளை கேட்டு மாவட்ட ஆட்சியருக்கும் கல்வித்துறைக்கும் எழுதிய மனு மேடையின் இடப்பக்க மேசையில் இருக்கிறது. அம்பலகாரர்கள் முதலில் கையெழுத்திட வேண்டும் என்று பணிவோடு அழைக்கிறேன். பிறகு தாய்மார்கள் வரிசையாக வாருங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது.